வாசிப்புப் பரீட்சையிற் காலமறிதல்

கற்றல் வேறு, கற்றதனைக் குறித்ததொரு பொழுதினுள் எடுத்துக்காட்டல் வேறு. முன்னையது ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. பின்னையது மணிக்கணக்கில் முடிந்துவிடுவது. ஆயினும் மாணவனொருவன் பல்லாண்டு உழைத்த உழைப்பினை உலகம் அளந்தறிவது அம்மணிக்கணக்கினைக் கொண்டேயாம். பரீட்சை மண்டபத்தினின்றும் வெளிவரும் பிள்ளைகளை வினவினால், “நேரம் போதவில்லை” என்னும் விடையே பலரிடமிருந்து கிடைக்கும். விடை தெரிந்த வினாக்கள் கடைசிப் பக்கத்திற் கிடக்க, அவற்றைத் தொடுதற்கு முன்னரே மணி அடித்துவிட்டதென வருந்துவோர் ஒவ்வோராண்டும் உளர். அறியாமையால் வரும் இழப்பினை மீண்டும் படித்து ஈடுசெய்யலாம். அறிந்திருந்தும் எழுதாது விட்ட இழப்போ, அறிவுடைய பிள்ளையை அறிவில்லாத பிள்ளையாக ஊர்க்குக் காட்டிவிடுகின்றது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்விழப்பின் கனம் பெரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியிற் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களென வகுக்கப்பட்டவை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் கணிக்கப்படுகின்றது. 2001 ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழக அனுமதிக்குப் புகுத்தப்பட்ட இசட் புள்ளி முறையிலோ, மாணவன் பெற்ற புள்ளி சராசரியினின்று எத்துணை விலகி நிற்கின்றதென்பது நியமவிலகலால் வகுக்கப்பட்டு, நான்கு தசமதானம் வரை எழுதப்படுகின்றது. அத்தகைய நுண்ணிய தராசில், வாசலருகே வந்து நிற்கும் பிள்ளைக்குக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு வினாவே போதியதாகும்.

நேரம் போதாமைக்குக் காரணம் வாசிப்பு வேகக் குறைவே எனப் பலர் கருதுவர். அதனால் “வேகமாய் வாசி, வேகமாய் எழுது” என்பதே பிள்ளைகட்குக் கூறப்படும் அறிவுரையாயிற்று. நுணுகி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். பரீட்சையில் நேரம் பெரும்பாலும் அழிவது வாசிக்குமிடத்தன்று. விடை பிடிபடாத வினாவொன்றின் முன் நின்றுவிடுமிடத்தேயாம். ஆகவே மாணவனுக்கு வேண்டுவது வேகத்தினும் மேலாக ஒரு பங்கீட்டு முறையே என்பதனை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 ஆக அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனது வினைக்கு வகுக்கப்பட்டவை. எனினும், தன் வலியை அளந்து, காலத்தைப் பகுத்து, நிற்குமிடத்தைத் தெரிந்து செயற்படல் என்னும் அவ்வரிசை, வினாத்தாளின் முன் அமரும் சிறுவனுக்கும் பொருந்துவதே.

நேரக் கட்டுப்பாடு தோன்றிய வரலாறு

கடிகாரத்தை வைத்து வாசிப்பை அளக்கும் வழக்கம் பழையதொன்றன்று. அமெரிக்க நாட்டின் கன்சாஸ் மாநிலத்தில், 1915 ஆம் ஆண்டளவில், பிரெடரிக் கெலி என்னும் கல்வியாளர் “கன்சாஸ் மௌனவாசிப்புச் சோதனை” என்பதனை அமைத்தார். ஒரே விடைக்கு ஓராசிரியர் இடும் புள்ளிக்கும் மற்றோராசிரியர் இடும் புள்ளிக்குமிடையே காணப்பட்ட பெரு வேறுபாட்டை நீக்குதலும், விடை திருத்தும் உழைப்பைச் சுருக்குதலும் அவர் நோக்கமாயிருந்தன. தரப்பட்டவற்றுட் சரியானதைக் குறித்துக் காட்டும் பல்தேர்வு முறை இச்சோதனையோடு தொடங்கிற்றென்பது கல்வி வரலாறு எழுதுவோர் பலரின் கருத்து. அச்சோதனைக்கு விதிக்கப்பட்ட நேரம் ஐந்தே நிமிடம். பல்தேர்வு வினாவும் நிமிடக் கணக்கும் ஒரு வாசிப்புச் சோதனையிலே கைகோத்துப் பிறந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் அளவீட்டு நூலார் சோதனைகளை இருவகைப்படுத்தினர். எளிய வினாக்கள் பலவற்றைக் குறுகிய நேரத்தில் எத்தனை முடிக்கலாமென்று பார்ப்பது வேகச் சோதனை. வேண்டிய நேரங் கொடுத்து, எத்துணைக் கடினமான வினாவரை ஏறலாமென்று பார்ப்பது ஆற்றற் சோதனை. ஹரோல்ட் கலிக்சன் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளச்சோதனைக் கோட்பாட்டு நூல் இப்பாகுபாட்டைத் தெளிவாக ஆராய்ந்தது. இன்றைய பொதுப் பரீட்சைகள் இரண்டன் கலப்பாம். எளிய வினாவும் கடிய வினாவும் ஒரே தாளில், ஒரே மணிக்குள் விரவி நிற்கின்றன. மாணவன் இடர்ப்படுவது இக்கலப்பினாலேயே. ஆற்றற் சோதனைக்குரிய பொறுமையோடு ஒரு கடிய வினாவைப் பற்றிக்கொண்டு நிற்பான். அவ்வேளை வேகச் சோதனைக்குரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்நாட்டுப் பரீட்சைகளின் கணக்கு

இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா வகுத்த அத்திட்டத்தின் வழியே, கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுசேர்க்கும் பாலமாக அமைந்தது புலமைப்பரிசிற் பரீட்சை. அண்மை ஆண்டுகளின் அமைப்பின்படி, அதன் முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், 1 மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்கள், 1 மணித்தியாலம் 15 நிமிடம். எனவே முதலாவதில் ஒரு வினாவுக்கு 90 செக்கன். இரண்டாவதில் 75 செக்கன். பத்து வயதுப் பிள்ளை பந்தியை வாசித்தல், வினாவை வாசித்தல், எண்ணுதல், எழுதுதல் அனைத்தும் இதனுள் அடங்கவேண்டும்.

க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம், வரலாறு, சமயம் முதலிய பாடங்களின் முதலாம் வினாத்தாள் 40 பல்தேர்வு வினாக்களும் 1 மணித்தியாலமும் கொண்டது. ஒரு வினாவுக்கு 90 செக்கன். க.பொ.த. உயர்தரத்துப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றின் முதலாம் வினாத்தாளில் 50 வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 144 செக்கன். புலம்பெயர்ந்து கற்க விரும்புவோர் எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் மூன்று பிரிவுகள், 40 வினாக்கள், 60 நிமிடம். மீண்டும் ஒரு வினாவுக்கு 90 செக்கனே.

இக்கணக்கினின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, பல்தேர்வுத் தாளில் எளிய வினாவுக்கும் கடிய வினாவுக்கும் கிடைக்கும் புள்ளி ஒன்றே. கடியதை வென்றமைக்காக எவரும் மிகுதிப் புள்ளி இடார். மற்றொன்று, இப்பரீட்சைகளில் தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆதலின் வெறுமையாக விடப்பட்ட வினா எவ்வகையிலும் பயன் தராதது.

இனி ஒரு சிறு கணக்கினை நோக்குதல் தகும். 40 வினாக்களுக்கு 60 நிமிடம் உள்ள தாளில், ஒரு மாணவி மூன்று கடிய வினாக்களிடத்து ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் நின்றுவிடுகின்றாள் எனக் கொள்வோம். அதற்கு 18 நிமிடம் செலவாயிற்று. அம்மூன்றுக்கும் உரிய பங்கு 4½ நிமிடமே. மிகையாய்ச் சென்ற 13½ நிமிடம் ஒன்பது வினாக்களுக்குரிய நேரம். மூன்றும் சரியாய் வந்தன எனினும், மூன்றைப் பெற ஒன்பதை அடைவு வைத்தவளாகின்றாள். இங்கே அவள் வாசிப்பு வேகத்திற் குறையேதுமில்லை. எழுந்து அடுத்த வினாவுக்குச் செல்லும் துணிவே குறைந்தது.

வலியறிதல்

பங்கீடு செய்வோன் முதலில் தன் கையிருப்பை அறிதல் வேண்டும். மாணவன் தனது வாசிப்பு வேகத்தை அறியாது நேரத்தைப் பகுத்தல் இயலாது. அதனை அறிதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. பாடநூலில் முன்பு வாசியாத ஒரு பகுதியில் ஏறக்குறைய 300 சொற்களை எண்ணி எல்லை குறித்துக்கொள்க. அதனை மௌனமாக ஒருமுறை வாசித்து, சென்ற நேரத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் நூலை மூடி, ஆசிரியரோ உடன்பயில்வோரோ அப்பகுதியிற் கேட்கும் ஐந்து வினாக்களுக்கு விடை கூறுக. நான்கேனும் சரியாயின், அவ்வேகம் அவனது உண்மையான வேகம். அதனிற் குறைந்தாற் கண் ஓடியதேயன்றிக் கருத்து உடன்செல்லவில்லை என்பது பெறப்படும். அவ்வேகத்தைக் கணக்கிற் கொள்ளலாகாது.

மார்க் பிரிஸ்பேர்ட் என்னும் உளவியலறிஞர் 2019 ஆம் ஆண்டில் 190 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வளர்ந்தோர் புனைகதையல்லாத ஆங்கில உரைநடையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் எனக் கண்டார். இவ்வெண்ணைத் தமிழ் வாசிப்புக்கு அப்படியே பொருத்தலாகாது. வேற்றுமையும் காலமும் இடமும் எதிர்மறையும் ஒட்டிநிற்கும் தமிழ்ச்சொல் நீண்டது. “வீட்டிலிருந்து” என்னும் ஒரு சொல்லின் பொருளைக் கூற ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வேண்டும். எனவே தமிழில் நிமிடத்துக்கு வாசிக்கும் சொற்றொகை குறைவாயிருத்தல் இயல்பேயாம். அதுகண்டு பிள்ளை மந்தமானதென எவரும் முடிவுசெய்தல் தகாது.

வேகத்தைப் பன்மடங்கு பெருக்கித் தருவோம் என விளம்பரஞ் செய்யும் பயிற்சிகளை நம்பிப் பொருள் இழப்போரும் உளர். கீத் றெயினரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2016 இல் வெளியிட்ட விரிவான மதிப்பீடு, வாசிப்பு வேகத்தை மிகவுங் கூட்டினால் விளக்கம் குறைந்தே தீரும் என்பதனை எடுத்துக்காட்டிற்று. சொல்வளமும் மொழிப்பழக்கமும் பெருகப் பெருக வேகம் தானே வளரும். அதற்கு நாள்தோறும் நூல் வாசித்தலன்றி வேறு குறுக்குவழி இல்லை.

வலியறிதலின் பயனை ஆங்கில வாசிப்புப் பரீட்சையில் நன்கு காணலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். வாசிப்புப் பகுதியில் உள்ள சொற்றொகை ஏறக்குறைய 2,150 முதல் 2,750 வரை. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் பயின்ற ஒருவர் நிமிடத்துக்கு 100 சொல் வாசிப்பார் எனின், 2,700 சொற்களை ஒருமுறை வாசிக்க 27 நிமிடம் செல்லும். வினாக்களுக்கு 33 நிமிடம் எஞ்சும். விளங்கவில்லையென்று மூன்று பிரிவுகளையும் இரண்டாம் முறையும் முழுதாய் வாசித்தால் 54 நிமிடம் செல்லும். 40 வினாக்களுக்கு எஞ்சுவது 6 நிமிடம். தன் வேகத்தை அறிந்தவர், “முழுவதும் ஒருமுறையே, மறுமுறை வேண்டுமிடத்தில் மட்டும்” என்னும் முடிவைப் பரீட்சைக்கு முன்னரே செய்துகொள்வர்.

காலமறிதல்

காலத்தைப் பகுக்கும் முறையை வன்னிக் கமக்காரர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. காலபோகத்தில் மழை துணைநிற்கும். சிறுபோகத்திலோ குளத்து நீரே துணை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகஞ் செய்யுமுன் கூட்டம் கூடி, குளத்தில் எத்துணை நீர் நிற்கின்றதென்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைக்கலாமென்று முடிவுசெய்வர். பின்னர் வாய்க்கால்தோறும் முறைவைத்து நீர் விடப்படும். வரம்பு உடைந்த ஒரு வயலுக்கு ஓயாது நீர் விட்டுக்கொண்டிருந்தால் அவ்வயலும் நிறையாது. கடைமடை வயல்களும் காயும். மாணவனுக்குக் கொடுக்கப்பட்ட 60 நிமிடமும் சிறுபோகத்துக் குளநீரை ஒத்தது. இடையில் மழை பெய்து நிரப்பப்போவதில்லை. விடை பிடிபடாத வினா உடைந்த வரம்பையுடைய வயல். கடைசிப் பக்கத்து எளிய வினாக்கள் கடைமடை வயல்கள்.

இவ்வுவமையைச் செயல்முறையாக்கின் மூன்று சுற்றுக்கள் பெறப்படும். 40 வினாக்களும் 60 நிமிடமும் கொண்ட தாளை எடுத்துக்கொள்வோம்.

முதற் சுற்றுக்கு 35 நிமிடம். முதல் வினாவிலிருந்து கடைசி வினாவரை ஒருமுறை செல்லுதல் வேண்டும். விடை தெரிந்தவற்றுக்கு உடனே புள்ளடி இடுக. இரண்டு விடைகளுக்கிடையே ஐயம் நிற்பின், மற்றைய விடைகளை வினாத்தாளில் மெல்லக் கீறிவிட்டு, வினா இலக்கத்தருகே ஒரு புள்ளி இட்டு அப்பாற் செல்க. ஒன்றும் பிடிபடாத வினாவுக்கு ஒரு சிறு வட்டம் இட்டு அப்பாற் செல்க. எவ்வினாவிடத்தும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கலாகாது. இச்சுற்றின் முடிவிற் கடைமடைக்கும் நீர் எட்டிவிடும்.

இரண்டாஞ் சுற்றுக்கு 18 நிமிடம். புள்ளி இட்ட வினாக்களுக்கே இது உரியது. இரண்டிலொன்று என்னும் நிலைக்கு முன்னரே வந்துவிட்டமையால் இவற்றிற் செலவிடும் நேரம் பலன் தரும். மேலும், முதற் சுற்றில் வாசித்த பிற வினாக்கள் சில வேளை இவற்றுக்குரிய குறிப்பைத் தந்திருத்தலும் உண்டு. விட்டுவந்த வினா மனத்தின் ஒரு மூலையிற் கிடந்து, மீண்டும் நோக்கும்போது எளிதிற் பிடிபடுவதும் பலர் அறிந்ததே.

மூன்றாஞ் சுற்றுக்கு 7 நிமிடம். வட்டமிட்ட வினாக்களை ஒருமுறை நோக்கி, கூடியவரை பொருத்தமான விடையைக் குறித்து, ஒன்றையும் வெறுமையாக விடாது முடித்தல் வேண்டும். எஞ்சும் நிமிடங்கள் சரிபார்த்தலுக்குரியன.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. வினாவொன்றை விட்டுச்செல்பவன் விடைத்தாளில் அதற்குரிய வரிசையை விடாது, அடுத்த வினாவின் விடையை அங்கே குறித்துவிட்டால், அதன்பின் வரும் விடைகள் யாவும் இடம் பிறழும். அதனைத் தடுத்தற்குப் பத்து வினாக்களுக்கு ஒருமுறை வினா இலக்கத்தையும் விடைத்தாளின் இலக்கத்தையும் ஒப்பிடல் வேண்டும். அதற்குச் செல்வது சில செக்கன், காப்பது முழுத்தாளை.

பந்திகளை அடிப்படையாகக் கொண்ட பரீட்சையிற் பங்கீடு சற்று வேறுபடும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற மூன்று பிரிவுத் தாளில், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. பின்வரும் பிரிவுகள் கடினமாதல் வழக்கமாகையால் 17, 20, 23 நிமிடமெனப் பகுத்தல் நன்று. 17 ஆவது நிமிடத்தில், விடைகாணாத வினா ஒன்றிரண்டு இருப்பினும், முதற் பிரிவை விட்டெழுதல் வேண்டும். தாளில் எழுதும் பரீட்சையில் இப்பகுதிக்கு விடைகளைப் பெயர்த்தெழுத மிகை நேரம் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே விடைகளை உடனுக்குடன் விடைத்தாளிலேயே எழுதிச் செல்லுதல் வேண்டும்.

இடனறிதல்

பந்தியில் எங்கே கண்ணை நிறுத்துவது என்பதனை அறிதலே இடனறிதல். இங்கே தமிழ்மூலம் பயிலும் மாணவர்க்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலப் பரீட்சை நூல்கள், வாக்கியத்தின் முற்பகுதியை மேலோட்டமாய் நோக்கிக் கருத்தறியலாமெனக் கூறும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் எதிர்மறைச் சொல்லும் பெரும்பாலும் முற்பகுதியிலே வந்துவிடுதலின், அம்முறை அம்மொழிக்கு ஓரளவு பொருந்தும். தமிழிலோ பயனிலை இறுதியில் நிற்கும். எதிர்மறையும் அதனுடனேயே நிற்கும். “குளங்கள் பெருகியமையால் மட்டுமே வன்னியில் நெற்செய்கை விரிவடைந்தது எனக் கொள்ளல் பொருந்தாது” என ஒரு வாக்கியம் அமைந்ததாகக் கொள்க. “விரிவடைந்தது” என்னுமிடத்திற் கண்ணை எடுத்துவிட்டவன் ஆசிரியர் கருத்துக்கு நேர்மாறான விடையையே தெரிவான். விரைந்து நோக்க நேரின், தமிழ்ப் பந்தியில் வாக்கியத்தின் இறுதியிற் கண் நிற்கவேண்டும். ஆங்கிலப் பந்தியில் முதலில் நிற்கவேண்டும். ஒரு மொழிக்குரிய உத்தியை மற்றதற்கு ஏற்றுதலால் இழக்கப்படும் புள்ளிகள் சிலவல்ல.

வினாக்களிலும் இவ்வாறே. “பின்வருவனவற்றுட் பொருந்தாதது எது?”, “தவறான கூற்று யாது?” என்பனவற்றில் எதிர்மறைச் சொல்லின் கீழ்க் கோடிட்டுவிட்டு விடைகளை நோக்குதல் நன்று. சரியான கூற்றைக் கண்டவுடன் மகிழ்ந்து அதற்குப் புள்ளடி இடும் வழக்கம் இதனால் நீங்கும்.

பந்தியை முதலில் வாசிப்பதா, வினாக்களை முதலில் வாசிப்பதா என்னும் ஐயம் பலர்க்கும் உண்டு. வினாக்களின் தலைப்பகுதியை மட்டும் முதலில் நோக்கி, பின்னர் பந்தியை ஒருமுறை முழுமையாக வாசித்தலே சிறந்தது. விடைகளை முன்னரே வாசித்தல் ஆகாது. அவற்றுட் பெரும்பாலானவை பொய்க் கூற்றுக்கள் ஆதலின், மனத்திற் பதிந்து பந்தியின் பொருளைக் கலக்கும். வாசிக்கும்போது ஒவ்வோர் உபபந்தியின் அருகிலும் அதன் பொருளை ஓரிரு சொற்களாற் குறித்து வைத்தால், பின்னர் தேடுமிடம் உடனே கிடைக்கும். முதலில் நேரடிச் செய்தி வினாவுக்கும், அடுத்துச் சொற்பொருள் வினாவுக்கும், அதன்பின் உய்த்துணரும் வினாவுக்கும், இறுதியில் மையக் கருத்து, தலைப்பு ஆகியவற்றுக்கும் விடை காணுதல் எளிது. முன்னைய வினாக்களுக்காகப் பந்தியினுட் பலமுறை சென்றுவந்தவனுக்கு மையக் கருத்து தானே தெளிந்திருக்கும்.

கட்டமைப்பு, கட்டுரை வினாக்களைக் கொண்ட தாள்களுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக வாசிப்பு நேரமாக 10 நிமிடம் வழங்கிவருகின்றது. வினாத்தாளை வாசித்து, வினாக்களைத் தெரிவுசெய்து, முன்னுரிமை வகுப்பதற்கே அது தரப்படுகின்றது. அப்பத்து நிமிடத்தை முதல் வினாவின் விடையை எண்ணுவதிற் போக்குவோர் பலர். முழுத்தாளையும் நோக்கி, எவ்வினாவை எழுதுவது, எவ்வரிசையில் எழுதுவது, எத்தனை மணிக்கு எதை முடிப்பது என்னும் மூன்றையும் தீர்மானித்தலே அந்நேரத்தின் உரிய பயன்.

பாடசாலை செய்யத்தக்கது

இம்முறைகள் பரீட்சைக்கு முன்னாள் மாலை ஒருவர் கூறக்கேட்டு மறுநாட் காலை கைக்கொள்ளத்தக்கனவல்ல. எழுந்து அப்பாற் செல்லும் துணிவு பழக்கத்தால் வருவது. ஒரு வினாவைத் தீர்க்காது விடுதல் தோல்வியென்று ஐந்தாண்டு பழகிய பிள்ளை, பரீட்சை மண்டபத்தின் பதற்றத்தில் அப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது.

வன்னியின் பிள்ளைகட்கு இப்பழக்கம் வாய்க்காமைக்குரிய காரணங்கள் வெளிப்படை. போரினால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரநிழலிலும் கொட்டிலிலும் பாடங் கேட்ட தலைமுறைகள் இங்கு வளர்ந்தன. 2009 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் செட்டிகுளத்து முகாம்களிலிருந்தே பிள்ளைகள் புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் தோற்றினர். பாடத்தை முடித்தலே பெரும்பாடாயிருந்த அக்காலத்தில், நேரத்தை அளந்து பழக்குதற்கு எவர்க்கும் வாய்ப்பிருக்கவில்லை. அன்று அவ்வாறு எழுதியவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். தமக்குக் கிட்டாத பழக்கத்தைத் தம் பிள்ளைகட்குக் கிட்டச்செய்தல் இன்று இயலும்.

அதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. வாரத்தில் ஒருநாட் காலை 10 நிமிடம் ஒதுக்கினாற் போதும். கரும்பலகையில் ஒரு சிறு பந்தியும் ஆறு வினாக்களும் எழுதி, அவற்றுள் இரண்டை வேண்டுமென்றே மிகக் கடினமாக அமைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் தீர்த்தவனைப் புகழ்வதோடு, கடியதை விட்டு எளியவற்றையெல்லாம் முடித்துப் பின் மீண்டவனையும் புகழுதல் வேண்டும். தவணைப் பரீட்சைகளில் “இன்னும் ஐந்து நிமிடம் எழுதுங்கள்” என்று இரங்கி நேரத்தை நீட்டும் வழக்கத்தை ஆசிரியர் விடுதல் நன்று. அவ்விரக்கம் பிள்ளைக்கு உதவாது. பொதுப் பரீட்சையில் அவ்வைந்து நிமிடத்தைத் தருவார் இலர். சுவர்க்கடிகாரம் இல்லாத வகுப்பறைகள் இன்றும் உள. பழைய மாணவர் தத்தம் பாடசாலைக்கு வழங்கும் கொடைகளுள் வகுப்புக்கொரு கடிகாரமும் சேருமாயின், அது விலையாற் சிறிதாயினும் பயனாற் பெரிதாகும்.

உயர்கல்வி வாசலிலும் இப்பயிற்சி பயன்படும். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வன்னி மண்ணிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு வந்துற்றபோதும், அங்கே கற்பித்தல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. தமிழ்ப் பந்தியை நேரத்துள் முடிக்கப் பழகாதவர் ஆங்கிலப் பந்தியின் முன் இருமடங்கு இடர்ப்படுவர்.

நிமிடக் கணக்கு வாசிப்பின் இன்பத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. கோயில் மண்டபத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் நிறுத்தி நிறுத்திப் பயன் சொல்லும் கந்தபுராணபடனத்தில் வளர்ந்தது ஈழத்துச் சைவ மக்களின் வாசிப்பு மரபு. ஒரு செய்யுளிடத்து நீண்டநேரம் நிற்பது அங்கே குற்றமன்று, சிறப்பு. இலக்கியமும் சாத்திரமும் அவ்வாறு வாசிக்கப்படவே வேண்டும். பரீட்சை வாசிப்பு அதனின் வேறானது. குறித்த நேரத்துள் குறித்த பொருளைத் தேடியெடுத்துத் திரும்பும் வாசிப்பு அது. சந்தைக்குப் போகும் நடையும் கோயிலை வலம்வரும் நடையும் ஒருவரின் கால்களாலேயே நிகழ்வன. எங்கே எந்நடை என்பதைப் பிள்ளை அறிந்தாற் போதும். பரீட்சை நடையை வாரத்தில் 10 நிமிடத்துக்குள் அடக்கி, மிகுதிப் பொழுதெல்லாம் நூல்களோடு ஆறுதலாக இருக்கவிடும் பாடசாலையே இரண்டையும் காப்பதாகும்.

வன்னியின் வகுப்பறைகளில் அறிவுக்குக் குறைவில்லை. அவ்வறிவு மணி அடிக்குமுன் விடைத்தாளைச் சென்றடைதல் வேண்டும். தன் வேகத்தை அளந்து, நிமிடங்களைப் பங்கிட்டு, பிடிபடாத வினாவை விட்டெழப் பழகிய பிள்ளைக்கு அது கைகூடும்.